குறைந்த ஓட்டப் பெரிய கார் ஒன்றை யாழ்ப்பாணத்துக் கார் சேலில் வாங்குவது: முழுமையான வழிகாட்டி

"அண்ணை, முப்பத்தையாயிரம்தான் ஓடியிருக்கு. டொக்டர் ஒராள் வைச்சிருந்தவர். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடினது."

ஓடிய கார்களை விற்கும் கார் சேலில் கால் வைத்ததும் இப்படித்தான் பேச்சுத் தொடங்கும். பெரிய காரென்றால் மீற்றரைத்தான் முதலில் காட்டுவார்கள். அந்த இலக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பத்து வருடத்தில் 35,000 கிலோமீற்றர் என்றால் வருடத்துக்கு 3,500, நாளைக்குப் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. கோண்டாவிலில் இருந்து ரவுணுக்கு ஒருதரம் போய் வந்தாலே பத்து வந்துவிடும். கொழும்புக்கு ஒருமுறை போய்த் திரும்ப எண்ணூறு. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கார் ஏன் இவ்வளவு குறைவாக ஓடியது?

பதில் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மீற்றரைக் குறைத்திருக்கிறார்கள். அல்லது சொந்தக்காரர் உண்மையாகவே குறைவாக ஓடி, நேரத்துக்கு நேரம் சேர்விஸ் செய்து வைத்திருந்தார். அல்லது கார் பெரும்பாலும் நின்றது. நம் ஊரில் மூன்றாவது வகை நிறைய. கனடாவிலோ சுவிசிலோ இருப்பவர் வாங்கி விட்டிருப்பார். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஓடுவார், மிச்சக் காலம் கொட்டிலுக்குள் படங்கு போட்டு நிற்கும். முதல் வகையை விட்டு விலக வேண்டும். இரண்டாவதுக்கு நல்ல விலை கொடுக்கலாம். மூன்றாவதை வாங்கலாம், ஆனால் நின்றதால் வரப்போகும் செலவை விலையில் கழித்துத்தான் வாங்க வேண்டும். மூன்றில் எது என்று பிரித்தறியத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: வீட்டு வாசலை அளவுங்கள்

2017 முதல் 2023 வரை வந்த ரொயோட்டா கமரியின் நீளம் 4,885 மில்லிமீற்றர், அகலம் 1,840. 2022க்கு முந்திய ஜப்பான் சந்தைக் கிறௌன் 1,800 அகலத்துக்குள் நிற்கும், நீளம் அதுவும் ஏறக்குறைய 4.9 மீற்றர். நல்லூர், கொக்குவில் பக்க ஒழுங்கைகளில் இருபக்கமும் மதில், நடுவில் மின்கம்பம். நேராகப் போவது பிரச்சினையில்லை, ஒழுங்கையில் இருந்து கேற்றுக்குள் திருப்புவதுதான் பிரச்சினை. பழைய வீடுகளின் கேற்றுகள் மொறிஸ் மைனர் காலத்தில் வைத்தவை. போர்ட்டிகோவில் நிறுத்திக் கதவைத் திறக்க இடமிருக்கிறதா என்றும் பாருங்கள். இதை அளந்துவிட்டுப் போனால் சேலில் நிற்கும் பாதிக் கார்கள் தாமாகவே கழிந்துவிடும்.

படி 2: எந்தக் கார் என்று முடிவெடுங்கள்

நம்மிடையே பிறிமியோ, அலியனையே பெரிய கார் என்போம். அவற்றுக்கு மேலே கமரி ஹைபிறிட், கிறௌன், மார்க் எக்ஸ், ஹொண்டா அக்கோர்ட், நிசான் ரீயானா, அதற்கப்பால் பென்ஸ் ஈ கிளாஸ், பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ். என் கணிப்பில் யாழ்ப்பாணத்தில் இருந்து ஓடுபவருக்கு கமரி ஹைபிறிட்தான் முதல் தெரிவு. ரொயோட்டா ஹைபிறிட்டைக் கையால் தொட்டுப் பழகிய கராஜ்கள் இங்கே இருக்கின்றன. மார்க் எக்ஸ் ஓட ஆசையான கார், ஆனால் ஆறு சிலிண்டர் எஞ்சின், ரவுணுக்குள் பெற்றோல் குடிக்கும். உற்பத்தியும் 2019இல் நின்றுவிட்டது.

ஜேர்மன் கார் வாங்குவது பிழையில்லை. சென்சர் ஒன்று போனால் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் வரை தேட வேண்டி வரலாம், சரியான ஸ்கேனர் உள்ள கராஜுக்குக் காரை லொறியில் ஏற்ற வேண்டி வரலாம். அந்த நேரமும் காசும் இருப்பவர் தாராளமாக வாங்கலாம். பிளக்-இன் ஹைபிறிட் மொடல் என்றால் உயர் அழுத்தப் பற்றரியின் நிலை பற்றிய அறிக்கை இல்லாமல் விலையே பேசாதீர்கள்.

விலையைப் பற்றி ஒன்று. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றபின் ஓடிய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. தனிப்பட்ட பாவனைக்கான வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. தடைக்கால விலையை மனதில் வைத்து இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதே காசுக்குப் புதிதாக இறங்கிய கார் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

படி 3: கார் யாருடையது என்று கேளுங்கள்

சேலில் நிற்கும் எல்லாக் காரும் சேல்காரருடையது அல்ல. பல கார்கள் "பார்க் அன்ட் சேல்". சொந்தக்காரர் கொண்டுவந்து நிறுத்துவார், விற்றால் சேல்காரருக்குக் கொமிசன். இதில் குற்றமில்லை. ஆனால் சேல்காரர் தரும் உறுதிமொழிக்கு யார் பொறுப்பு என்பது மாறிவிடுகிறது. "புக் ஆற்ற பேரில இருக்கு? அவரோட ஒருக்கால் கதைக்கலாமோ?" என்று நேரடியாகக் கேளுங்கள். புக் என்பது பதிவுச் சான்றிதழ். சொந்தக்காரருடன் பேசவே விடாத இடத்தில் நான் ஒரு காரையும் பார்க்கச் சொல்ல மாட்டேன். பேசக் கிடைத்தால் விலையை எடுக்காதீர்கள். எங்கே சேர்விஸ் செய்தீர்கள், கடைசியாக எப்போது ரயர் மாற்றினீர்கள், ஏன் விற்கிறீர்கள், எவ்வளவு காலம் வெளிநாட்டில் இருந்தீர்கள் என்று ஆறுதலாகக் கேளுங்கள். உண்மையாக வைத்திருந்தவர் இதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்வார்.

படி 4: மைலேஜைக் கடதாசியில் பிடியுங்கள்

இந்த வேலைக்குத்தான் ஆக அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இலக்க மீற்றரைக் குறைப்பது இன்று மெசின் வைத்துச் செய்யும் சின்ன வேலை. மீற்றரைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக எழுதிவைத்த இலக்கங்களை வரிசைப்படுத்தினால் கண்டுபிடிக்கலாம்.

ஜப்பானில் ஓடி வந்த காரென்றால் முதல் இலக்கம் ஒக்ஷன் ஷீற்றில், அதாவது அங்கே ஏலத்தில் காரைச் சோதித்து எழுதும் தாளில், இருக்கும். அதில் மைலேஜ், தரம், எந்தப் பக்கம் கீறல், எந்தப் பகுதி மாற்றியது எல்லாம் குறித்திருப்பார்கள். தரம் 4, 4.5 என்றால் நல்லது. ஆர் என்ற எழுத்து இருந்தால் விபத்துக்குப் பின் திருத்திய கார். சேல்காரர் தரும் பிரதியை நம்ப வேண்டாம், பிரதியைத் திருத்துவது சுலபம். சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கட்டணத்துக்கு ஒக்ஷன் ஷீற்றை எடுத்துத் தரும் சேவைகள் இருக்கின்றன, நீங்களே எடுத்து ஒப்பிடுங்கள். ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழிலும் மீற்றர் வாசிப்பு இருக்கும்.

இரண்டாவது இலக்கங்கள் இலங்கையில் பிறந்தவை. சேர்விஸ் பில்கள், ஏஜென்ற் கணினியில் உள்ள வரலாறு, முன்பு லீசிங் எடுத்திருந்தால் அதற்காகச் செய்த மதிப்பீட்டு அறிக்கை, காப்புறுதி நட்டஈடு கேட்டிருந்தால் அந்தக் கோப்பு. எல்லாவற்றிலும் திகதியும் மைலேஜும் இருக்கும்.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒக்ஷன் ஷீற் 2017: 18,000. சேர்விஸ் பில் 2019: 32,000. அடுத்த பில் 2021: 38,000. இன்று மீற்றரில் 52,000. இது நம்பக்கூடிய வரிசை. 2020இல் ஊரடங்கு, 2022இல் பெற்றோல் வரிசை. அந்த நாட்களில் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் கிடைத்தது. எல்லோருடைய காரும் குறைவாக ஓடிய காலம் அது. மாறாக, 2019இல் 61,000 என்று ஒரு பில்லும், இன்று மீற்றரில் 44,000மும் இருந்தால் வேறு பேச்சே தேவையில்லை. 2018க்கும் 2024க்கும் இடையில் ஒரு கடதாசியும் இல்லையென்றால், அந்த ஆறு வருடமும் கார் எவ்வளவும் ஓடியிருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "பில் எல்லாம் துலைஞ்சு போச்சு அண்ணை" என்பது உண்மையாக இருந்தாலும், குறைந்த மைலேஜுக்கான மேலதிக விலையை அந்தக் காருக்குக் கொடுக்கக் கூடாது.

படி 5: காரின் உடம்பைப் பாருங்கள்

காலை வெளிச்சத்தில் போங்கள். சாரதிக் கதவைத் திறந்து குந்தியிருந்து பிறேக் பெடலின் றப்பரைப் பாருங்கள். முப்பதாயிரம் ஓடிய காரில் றப்பரின் கோடுகள் கூராக, தூசு பிடித்து இருக்கும். லட்சத்தைத் தாண்டிய காரில் வலது கீழ் மூலை வழுவழுப்பாகத் தேய்ந்து மினுங்கும். றப்பர் புத்தம் புதிதாக இருந்தாலும் கவனியுங்கள், முப்பதாயிரத்துக்கு யாரும் பெடல் றப்பர் மாற்றுவதில்லை. அடுத்து சாரதி சீற்றின் கதவுப் பக்க ஓரம், ஏறி இறங்கும்போது உடம்பு உரசும் இடம். பிறகு ஸ்ரியறிங்கின் மேல் இடப்பக்கம், ஸ்ராட் பட்டன், சாரதிப் பக்கக் கண்ணாடி சுவிச்.

ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மீற்றர் முப்பதாயிரம் காட்ட, நாலு ரயரும் மாற்றியதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். காருடன் வந்த ரயரே இன்னும் கிடந்தால் மைலேஜ் உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த ரயரில் கொழும்புக்கு ஓடாதீர்கள், பூ இருந்தாலும் றப்பர் கிழடு.

படி 6: நின்ற காருக்கு வரும் வருத்தங்கள்

மைலேஜ் உண்மை என்று தெளிந்தபின்தான் பலர் மனம் ஆறுவார்கள். நான் அங்கேதான் இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் நம் ஊரின் வெயிலும் உப்புக் காற்றும் நிற்கும் காரைச் சும்மா விடாது.

முதலில் றேடியேற்றர். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் மூடியைத் திறவுங்கள். ரொயோட்டாவில் இளஞ்சிவப்புக் கூலன்ற் தெளிவாக இருக்க வேண்டும். நிறமில்லாத தண்ணீரோ, கழுத்தில் வெள்ளைப் படிவோ தெரிந்தால் யாரோ கிணற்றுத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருவது. கேத்திலின் அடியில் படிவது போலவே எஞ்சினின் தண்ணீர் வழிகளிலும் படியும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நல்லெண்ணத்தில் ஒரு போத்தல் ஊற்றியிருப்பார், அலுமினிய எஞ்சினுக்கு அது கூடாது. படிவு கனமாக இருந்தால் அந்தக் காரை விடுங்கள்.

பொனற்றைத் திறந்ததும் எலி அடையாளம் தேடுங்கள். புழுக்கை, கடித்த வயர், எயார் பில்ரர் பெட்டிக்குள் பஞ்சு. வேப்பமரத்தடியில் மாதக்கணக்கில் நின்ற காரில் இது சாதாரணம். வயரிங் ஹார்னஸ் கடிபட்டால் ஒரு லைற் எரியாமல் போவதோடு நிற்காது, எங்கே பிழையென்று தேடியே கூலி ஏறும்.

ஹைபிறிட் என்றால் பெரிய பற்றரி நின்றாலும் முதுமையடையும். பழைய கமரி ஹைபிறிட்டிலும் 2013 முதல் 2018 வரை வந்த கிறௌன் ஹைபிறிட்டிலும் இருப்பது நிக்கல் வகை. ஸ்கேனர் போட்டு ஒவ்வொரு புளொக்கின் வோல்ற்றேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். கார் ஓடும்போதும், பிறேக் பிடிக்கும்போதும் ஒரு புளொக் மட்டும் மற்றவற்றை விட்டு விலகினால் பற்றரி போகும் வழியில் இருக்கிறது. அந்தச் சோதனைக்கு ஒப்பாத சேல்காரரிடம் ஹைபிறிட் வாங்க வேண்டாம். பற்றரியைக் குளிராக்கும் காற்று பின் சீற்றுப் பக்கத்துத் துவாரத்தால் போகிறது, அங்கே தூசு அடைத்திருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஏ.சி.யை இருபது நிமிடம் விட்டுப் பாருங்கள், நின்ற காரின் கொம்பிறசர் சீல் காய்ந்து காஸ் ஒழுகும். பிறேக் டிஸ்கில் மேலோட்டத் துரு பிரச்சினையில்லை, ஓடினால் போய்விடும். பள்ளமாகத் துரு தின்றிருந்தால் டிஸ்க் மாற்ற வேண்டும். கதவு றப்பர், சஸ்பென்சன் புஷ் வெடித்திருக்கும். ஒயில் கடைசியாக எந்தத் திகதியில் மாற்றியது என்று கேளுங்கள், மைலேஜில் கேட்காதீர்கள்.

படி 7: வெள்ளமும் கடலும்

2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, கடுவெலப் பக்கம் மூழ்கியது. 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுக்க வெள்ளம் கொண்டுவந்தது. மூழ்கிய கார்கள் கழுவிக் காயவைத்துத் தூரத்து மாவட்டங்களில் விற்பனைக்கு வரும். சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், நுனியில் மண்கோடு நிற்கும். கார்ப்பெற்றின் மூலையைத் தூக்கிக் கீழே உள்ள பஞ்சை அமத்திப் பாருங்கள். சீற்றைத் தரையோடு பிடிக்கும் போல்ற்றில் துரு இருக்கிறதா, ஸ்பெயார் ரயர்க் குழிக்குள் மண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பருத்தித்துறை, காங்கேசன்துறை, தீவகப் பக்கம் நின்ற காரை றாம்பில் ஏற்றாமல் வாங்கவே கூடாது. அடியில் புதிதாகக் கறுப்பு அண்டர்கோற் அடித்திருந்தால் அதன் கீழ் என்ன இருக்கிறதென்று ஸ்குறூட்றைவரால் மெல்லத் தட்டிப் பாருங்கள். துரு தின்ற இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும்.

படி 8: ஓடிப் பாருங்கள்

நீங்கள் போகும்போது எஞ்சின் குளிராக இருக்க வேண்டும். பொனற்றில் கை வையுங்கள், சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்ராட் பண்ணி வைத்திருக்கிறார்கள். வேறொரு நாள் காலை வருவதாகச் சொல்லுங்கள். ரவுணைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. நாவற்குழிப் பாலம் தாண்டி ஏ9 வீதியில் சாவகச்சேரி வரை போங்கள். அனுமதித்த 70இல் ஸ்ரியறிங்கைத் தளர்வாகப் பிடித்தால் கார் நேரே போகிறதா, பிறேக் பிடிக்கும்போது ஸ்ரியறிங் நடுங்குகிறதா என்று பாருங்கள். நெடுநாள் நின்ற காரில் ரயர் ஒரு பக்கம் தட்டையாகி "டப் டப்" என்று அடிக்கும். திரும்பும்போது ஒரு ஒழுங்கைக்குள் விட்டுக் கிடங்குகளில் மெல்ல ஏற்றி இறக்குங்கள், வானொலியை நிறுத்திவிட்டு.

கராஜ்காரர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். சேல்காரர் சொல்லும் கராஜ் வேண்டாம். நீங்கள் கூட்டிப் போகும் கராஜ்காரருக்குக் கொடுக்கும் கூலி இந்தக் கொடுக்கல் வாங்கலிலேயே ஆகப் பெறுமதியான காசு.

படி 9: புக்கும் பெயர் மாற்றமும்

பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ், எஞ்சின் நம்பரைக் காரில் பொறித்ததோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்து விபரத்தைச் சரிபாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் வங்கியோ லீசிங் கொம்பனியோ இருந்தால் கடன் இன்னும் இருக்கிறது. அப்படியானால் உங்கள் காசு நேரே அந்தக் கொம்பனிக்குப் போய், விடுவிப்புக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும். "நான் கட்டி முடிச்சுத் தாறன்" என்பதை ஏற்காதீர்கள். அரச உத்தியோகத்தர் பெர்மிட்டில் இறக்கிய காரா என்றும் கேளுங்கள். பெரிய கார்களில் அது அதிகம், குறித்த காலத்துக்குக் கைமாற்றக் கட்டுப்பாடு இருந்திருக்கும்.

ஓபின் பேப்பர் விடயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்களோடு கார் கைமாறிக்கொண்டே போகும். கடைசியில் கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால், அல்லது கையெழுத்து வைத்தவர் இறந்திருந்தால், அலையப்போவது நீங்கள். பெயர் மாற்றத்துக்கான எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 படிவங்களில் பதிவு உரிமையாளர் உங்கள் முன்னால், உங்கள் பெயர் நிரப்பியபின் கையெழுத்திட வேண்டும், அடையாள அட்டைப் பிரதியுடன். அவர் வெளிநாட்டில் என்றால், விற்கும் அதிகாரம் தெளிவாக எழுதிப் பதிவு செய்த அற்றோணித் தத்துவத்தோடு வேறொருவர் வரவேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த சம்மதக் குரல் போதாது. யாழ் மாவட்ட அலுவலகத்தில் எந்த வேலை முடியும், எதற்குக் கொழும்புப் பக்கம் போக வேண்டும் என்று காசு கொடுக்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

படி 10: காசு

அட்வான்ஸ் கொடுத்தால் பற்றுச்சீட்டில் சேசிஸ் நம்பர், அன்றைய மீற்றர் வாசிப்பு, எந்த நிபந்தனையில் காசு திரும்பும் என்பது மூன்றும் இருக்க வேண்டும். "மைலேஜ் ஒரிஜினல்" என்று வாயால் சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிய உறுதிமொழி கையில் இருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிட வழி இருக்கும். மிச்சக் காசை வங்கி மூலம் கொடுங்கள்.

லீசிங் என்றால் "பத்து வீதம்தான்" என்று சொல்வதை அப்படியே எடுக்காதீர்கள். 40 லட்சம், ஐந்து வருடம், பிளற் (எடுத்த முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி) 10 வீதம் என்றால் வட்டி மட்டும் 20 லட்சம், மாதம் ஒரு லட்சம். குறைந்து வரும் மீதிக்குக் கணக்கிட்டால் அது வருடத்துக்கு 17 வீதத்தைத் தாண்டும். இரண்டு இடத்தை ஒப்பிடும்போது மாதக் கட்டணத்தையும் மொத்தத் தொகையையும் ஒப்பிடுங்கள்.

படி 11: எடுத்த கிழமையில்

காரைக் கேற்றுக்கு வெளியே எடுக்கும் முன் முழுக் காப்புறுதி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பெறுமதியை இன்றைய சந்தை விலைக்கு எழுதுங்கள், குறைத்து எழுதினால் நட்டஈடும் குறையும். வருமான உத்தரவுப்பத்திரமும் புகைச் சோதனைச் சான்றிதழும் எப்போது முடிகின்றன என்று குறித்து வையுங்கள். பெயர் மாற்றப் படிவங்களை உடனே கொடுத்து, கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைக் காரின் கடதாசிகளோடு வையுங்கள்.

மைலேஜ் எவ்வளவு குறைவாக இருந்தாலும் எஞ்சின் ஒயில், பில்ரர், பிறேக் ஒயில், கியர் ஒயில், கூலன்ற் எல்லாம் மாற்றுங்கள். கூலன்ற் என்றால் கூலன்ற்தான், கராஜில் கிணற்றுத் தண்ணீர் கலக்க விடாமல் பக்கத்தில் நில்லுங்கள். 12 வோல்ற் பற்றரியின் திகதியைப் பாருங்கள். இந்தப் பில்லில் திகதியும் மைலேஜும் எழுதுவித்து ஒரு பைலில் போடுங்கள். கொழும்புக்கு ஓடும் முன் இங்கே இரண்டு கிழமை ஓட்டி, காலையில் காரை எடுத்தபின் அது நின்ற நிலத்தில் ஈரப்புள்ளி ஏதும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.